சிவப்பு பெயின்ட் அடித்த பழைய ரப்பர்

அப்பா 1998இல் வாங்கிய மாருதி 800 கோத்தகிரியில் எங்கள் வீட்டில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்கு எஞ்சினையும் கியர்பாக்ஸையும் பாடியோடு பிடித்து வைக்கும் ரப்பர் தாங்கிகளை, அதாவது எஞ்சின் மவுண்டிங், கியர்பாக்ஸ் மவுண்டிங் எல்லாவற்றையும் புதிதாக மாற்றுவதாகச் சொல்லி, ஊட்டியில் ஒரு பட்டறைக்காரர் என்னிடம் 9,500 ரூபாய் வாங்கினார். கழற்றியதையே திரும்ப மாட்டி அனுப்பினார். மலையில் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பட்டறைக்குப் போங்கள்.

வண்டியில் தொந்தரவு இருந்தது உண்மைதான். கிளட்சை விட்டால் முன்பக்கம் 'தொம்' என்று ஓர் இடி. நின்றுகொண்டிருக்கும்போது ஸ்டீயரிங்கும் கண்ணாடியும் நடுங்கும். மூன்று சிலிண்டர் எஞ்சின் பிறவியிலேயே கொஞ்சம் குலுங்கும். அந்தக் குலுக்கல் பாடிக்குப் போகாமல் விழுங்குவதுதான் மவுண்டிங்கில் உள்ள ரப்பரின் வேலை. என் வண்டியின் ரப்பரோ அப்பா காலத்து ரப்பர். எஞ்சின் ஆயில் கசிந்து ஊறி, வெடித்து, விழுங்குவதை எப்போதோ நிறுத்தியிருந்தது.

"ரப்பர் எதற்கு சார்? பாலியூரித்தேன் போட்டுவிடலாம். ரேஸ் வண்டிக்குப் போடுவது, வெளிநாட்டுச் சரக்கு" என்றார் பட்டறைக்காரர். சிவப்பாகப் பளபளக்கும் ஒன்றைக் கையில் எடுத்துக் காட்டினார். 'ரேஸ்' என்ற சொல்லில் மயங்கினேன். ஐம்பதை நெருங்கும் வயதில் அது என் புத்திக் குறைவு, வேறென்ன.

அவர் சொன்னபடியே போட்டிருந்தாலும் அது எனக்கு ஏற்ற சாமான் இல்லை என்பது இப்போது தெரிகிறது. பாலியூரித்தேன் ரப்பரைவிடக் கடினமானது. எஞ்சினை அசையவிடாமல் பிடிக்கும், கியர் கச்சிதமாக விழும். ஆனால் எஞ்சினின் நடுக்கத்தைப் பெருமளவு பாடிக்குக் கடத்திவிடும். பந்தயத்தில் ஓட்டுபவர் அதைப் பொறுத்துக்கொள்வார். எங்கள் ஊர் டானிங்டன் வரை போய்க் காய்கறி வாங்கி வருகிற எனக்கு எதற்கு அது?

மாலையில் வண்டியை எடுக்கும்போது பானெட்டைத் திறந்து காட்டினார். எல்லாம் சிவப்பு. இரண்டு நாள் நடுக்கம் குறைந்தது போல இருந்தது. மூன்றாம் நாள் பழையபடி. போன் செய்தேன்.

"மலையில் காற்று குறைவு சார். கார்புரேட்டர் வண்டி அப்படித்தான் நடுங்கும்."

இந்தப் பதிலில்தான் அவருடைய கெட்டிக்காரத்தனம் இருந்தது, ஏனென்றால் இதில் பாதி உண்மை. ஊட்டி 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காற்றோடு பெட்ரோலைக் கலந்து கொடுப்பது கார்புரேட்டர்; மெலிந்த காற்றுக்கு அது கொடுக்கும் பெட்ரோல் அதிகமாகிவிடும், வண்டி நிற்கும்போது எஞ்சின் ஓடுவது (ஐடிலிங்) தடுமாறும். இதை நானே பலருக்குச் சொல்லியிருக்கிறேன். அதனால் வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டு வாரம் கழித்து அம்மாவுடன் மேட்டுப்பாளையம் இறங்கினேன். இறக்கத்தில் இரண்டாவது கியரில், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து எஞ்சின் பிடியில்தான் வருவோம், தெரிந்ததுதானே. ஒரு வளைவுக்கு முன்னால் கியர் தானாகக் கழன்று நியூட்ரலுக்கு வந்துவிட்டது. பிரேக்கை அழுத்தி, ஆக்சிலரேட்டர் கொடுத்து, மறுபடி இரண்டாவதில் போடுவதற்குள் எதிரே ஒரு லாரி வந்து கடந்து போயிற்று. அம்மாவுக்கு ஒன்றும் தெரியவில்லை. எனக்கு மலை இறங்கி முடியும் வரை முழங்கால் ஆடிக்கொண்டிருந்தது.

மேட்டுப்பாளையத்தில் வண்டியை நிறுத்தினேன். சமவெளிக்கு வந்தாயிற்று, காற்று நிறைய இருக்கிறது, நடுக்கம் மட்டும் அப்படியே இருந்தது. அப்போதுதான் உறைத்தது.

அங்கே ஒரு பெரியவரின் பட்டறை. அவர் பானெட்டைத் திறந்து வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு, முதல் கியரில் கிளட்சை லேசாக விடச் சொன்னார். எஞ்சின் ஒரு பக்கம் எழும்பிச் சாய்ந்தது. எஞ்சினின் அடியில் ஆயில் தங்கும் சம்புக்குக் கீழே மரக்கட்டை வைத்து ஜாக்கி கொடுத்து, எடையைத் தாங்கிக்கொண்டு ஒரு மவுண்டிங்கைக் கழற்றினார். நகத்தால் சுரண்டினார்.

"கண்ணு, இது பெயின்ட்."

சிவப்புக்கு அடியில் கறுப்புப் பசை. காரின் கண்ணாடியை ஒட்டுகிற பசையாம். வெடித்த ரப்பரின் இடைவெளியில் அதைத் திணித்து, காயவைத்து, மேலே ஸ்பிரே அடித்திருக்கிறார்கள். சுற்றியுள்ள இரும்பில் பழைய துரு அப்படியே இருந்தது. கியர்பாக்ஸ் மவுண்டிங்குக்கு அந்தப் பசை கூட இல்லை, வெறும் பெயின்ட்தான். கியர் கழன்றதற்குக் காரணம் அதுதான் என்றார். ஏற்றத்தில் ஒரு பக்கம் சாய்ந்திருக்கும் எஞ்சின், இறக்கத்தில் காலை எடுத்ததும் மறுபக்கம் சாய்கிறது. கியர்பாக்ஸும் கூடவே புரள்கிறது, கியர் கம்பியை இழுத்துவிடுகிறது.

கம்பெனி ரப்பர் மவுண்டிங்குகளையே எல்லா இடத்திலும் போட்டார். ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றவற்றின் சுமையும் புதியதன் மேல் விழும் என்றார். போல்ட்டுகளை முதலில் தளர்வாக விட்டு, எஞ்சினைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அது தன் இடத்தில் உட்கார்ந்த பிறகுதான் இறுக்கினார். பொருள், கூலி எல்லாம் சேர்த்து, ஊட்டியில் கொடுத்ததில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. கழற்றியவற்றைக் கேட்காமலேயே பையில் போட்டுக் கொடுத்தார். ஊட்டியிலும் நான் பழைய சாமானைக் கேட்டிருந்தால் அன்றைக்கே குட்டு வெளிப்பட்டிருக்கும். வண்டியைப் பட்டறையில் விடுவதற்கு முன் மவுண்டிங் ஒவ்வொன்றிலும் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருந்தாலும் போதும்.

நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் இல்லை, இரண்டு ஆண்டுக்குள் போட்டால் போதும். ஆனால் என்னிடம் இருப்பது நோட்டுப் புத்தகத்தில் கிழித்த தாளில் '9500 பெற்றுக்கொண்டேன்' என்ற ஒரு வரி. கடைப் பெயர் இல்லை, பொருளின் பெயரும் இல்லை. இருந்தாலும் 1915 என்ற உதவி எண்ணில் சொல்லி வைத்திருக்கிறேன்.

போன வாரம் பசை ஒட்டிய மவுண்டிங்குகளோடு அந்தப் பட்டறைக்கு நேரில் போனேன். அவர் அவற்றைத் தொடவே இல்லை. "கேரண்டி உண்டு சார், ஆனால் மலைப்பாதையில் ஓட்டினால் செல்லாது" என்றார். ஊட்டியில் உட்கார்ந்துகொண்டு.