"எல்லா பைக்குக்கும் பொருந்தும்" சைடு பேக்: வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

100 சிசி முதல் 150 சிசி வரை உள்ள சின்ன பைக்குக்குக் கட்டுப்படியாகும் விலையில் சைடு பேக் (சீட்டின் இருபக்கமும் தொங்கவிடும் ஜோடிப் பை) தேடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆன்லைனில் வாங்கிய ஒரு ஜோடிப் பையால் எனக்குப் பணம் போனது. அது போகட்டும், ஓடிக்கொண்டிருந்த வண்டியின் பின்சக்கரத்தில் பையின் பட்டை போய்ச் சுற்றிக்கொண்டது. விற்றவர் கடைசிவரை பொறுப்பேற்கவில்லை. அதே பை இன்னும் விற்பனையில்தான் இருக்கிறது.

விளம்பரத்தில் இப்படித்தான் போட்டிருந்தார்கள்: எல்லா பைக்குக்கும் பொருந்தும். தண்ணீர் புகாது. கொள்ளளவு 50 லிட்டர். 1680 டெனியர் துணி. இரவில் ஒளிரும் பட்டை. இதில் ஒன்றுகூட உண்மை இல்லை. ஆனால் எல்லாப் பொய்யும் ஒரே அளவு ஆபத்தானது இல்லை. உயிருக்கே உலை வைப்பது அந்த முதல் வாக்கியம்தான்.

படத்தில் பையை மாட்டியிருந்தது ஒரு பெரிய வண்டியில். பின்சீட் அகலம், பக்கவாட்டில் பை சாய்ந்துகொள்ள உறுதியான கம்பி, சைலன்சர் நன்றாகக் கீழே. சின்ன வண்டி அப்படி இல்லை. சீட் குறுகல். பையின் முதுகுக்குப் பின்னால் பாதிக்கு மேல் வெறும் காற்று, அதற்கப்பால் சக்கரம். சைலன்சர் பெரும்பாலும் வலதுபக்கம், பின்னால் போகப் போகக் கொஞ்சம் மேலே தூக்கியிருக்கும். சீட்டின் மேல் இரண்டு வெல்க்ரோ பட்டையைப் போட்டுப் பையைத் தொங்கவிட்டால், வண்டி நிற்கும்போது பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஓடும்போது இடதுபை உள்ளே சக்கரத்தை நோக்கிச் சாயும், வலதுபை கீழே சைலன்சரை நோக்கி இறங்கும்.

எனக்கு நடந்ததும் அதேதான். ஒரு வேகத்தடையைத் தாண்டி இறங்கியபோது பின்பக்கம் யாரோ பிடித்து இழுத்ததுபோல வண்டி வெட்டியது. இடதுபையின் கீழ்ப்பட்டையில் இறுக்கியதுபோக மிச்சமிருந்த வால் சக்கரக் கம்பிக்குள் போய்ச் சுற்றி, பையையே உள்ளே இழுத்துவிட்டது. பட்டையின் தையல் பிய்ந்துபோனதால் சக்கரம் இறுகவில்லை. தரமான தையலாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பயமாக இருக்கிறது. பின்னால் லாரி எதுவும் வரவில்லை.

ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தபோதுதான் வலதுபக்கத்தைக் கவனித்தேன். பையின் அடி சைலன்சர் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. கையால் தூக்கினால் கறுப்பாக நூல் நூலாக இழுத்துக்கொண்டு வந்தது. உள்ளே வைத்திருந்த பிளாஸ்டிக் அட்டை வாழைப்பூ மடல்போல் சுருண்டிருந்தது, அதற்கு மேலே இருந்த மழைக்கோட்டின் ஒரு கை உருகித் தன்னோடு தானே ஒட்டிக்கொண்டிருந்தது. பையின் அடியில் வெப்பம் தாங்கும் தகடோ துணியோ எதுவும் கிடையாது. "ஹீட் ஷீல்டு உண்டு" என்று விளம்பரத்தில் காட்டியிருந்தது வெள்ளி நிறம் பூசிய சாதாரணத் துணி.

இந்த வெப்ப விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விற்பவர்கள் யாரும் சொல்ல மாட்டார்கள். பாலியஸ்டர் சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகும், சாதாரண நைலான் சுமார் 220-இல். மலிவான பைகளில் பட்டைக்குப் பயன்படுத்தும் பாலிப்ரொப்பிலீன் 160 டிகிரிக்கே உருகிவிடும். அதற்கு வெகுமுன்பே எல்லாம் இளகிப் பலம் இழக்கத் தொடங்கும். என்ஜினிலிருந்து வெளியே வரும் குழாய் பல நூறு டிகிரிக்குப் போகக்கூடியது. பின்னால் போகப் போகச் சூடு குறையும் என்பது உண்மை. ஆனால் மணிக்கணக்கில் ஓட்டும்போது ஒரு பை அதன்மேல் அழுந்திக்கொண்டே இருந்தால் அந்தக் குறைந்த சூடே போதும். பட்டை சைலன்சரைத் தொடும்படி இருந்தால் அந்தப் பை எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

இன்னொன்று. பையை மாட்டிப் பார்க்கும்போது வண்டி சென்டர் ஸ்டாண்டில் நின்றால் எல்லாமே சரியாக இருப்பதுபோல்தான் தெரியும். அப்போது பின்சக்கரம் கீழே முழுதாகத் தொங்கிக்கொண்டிருக்கும். இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஷாக் அப்சார்பர் அமுங்கி, சக்கரம் பையை நோக்கி மேலே ஏறும். அதனால் வண்டியைத் தரையில் நிறுத்தி, ஒருவரை முன்னால், இன்னொருவரைப் பின்னால் உட்காரவைத்து, பைக்குள் பழைய போர்வையைத் திணித்துவிட்டு, பின்னாலிருந்து குனிந்து பாருங்கள். பையைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். அப்படித் தள்ளியும் சக்கரத்தையோ ஷாக் அப்சார்பரையோ தொடக்கூடாது. சைலன்சருக்கும் பைக்கும் நடுவே குறைந்தது ஒரு கை அகலமாவது இடைவெளி இருக்க வேண்டும். அப்படியே பின்னால் நான்கடி தள்ளி நின்று இண்டிகேட்டர் இரண்டும் தெரிகிறதா என்றும் பாருங்கள். சின்ன வண்டியில் இண்டிகேட்டர் சீட்டுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் பை அதை மறைத்துவிடும். நீங்கள் திரும்பப் போவது பின்னால் வருபவருக்குத் தெரியவே தெரியாது.

சரி, மற்ற பொய்களுக்கு வருகிறேன்.

50 லிட்டர் என்றார்கள். டேப்பை எடுத்து உள்ளளவு பார்த்தேன். நீளம் 34 சென்டிமீட்டர், உயரம் 26, ஆழம் 14. பெருக்கினால் 12,376 கன சென்டிமீட்டர், அதாவது ஒரு பைக்கு ஏறக்குறைய 12.4 லிட்டர். ஜோடிக்கு 25. சொன்னதில் பாதி. கேட்டதற்கு, விரிவாக்கும் ஜிப்பைத் திறந்து, மேல்மூடியின் உப்பலையும் வெளிப்பாக்கெட்டையும் சேர்த்து அளந்தது என்று பதில் வந்தது. லிட்டர் கணக்கை நம்பாதீர்கள். நீள, அகல, உயரத்தைக் கேளுங்கள், அதுவும் உள்ளளவைக் கேளுங்கள். 1000 கன சென்டிமீட்டர் 1 லிட்டர், கணக்கு உங்கள் கையில்.

டெனியர் என்பது 9000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராம் என்கிற கணக்கு. எண் கூடினால் நூல் தடிமன், அவ்வளவுதான். உண்மையான 1680 டெனியர் துணியில் நெசவு கண்ணுக்கே முரடாகத் தெரியும், விரலால் தடவினால் மேடு பள்ளம் தட்டும். எனக்கு வந்த துணியை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் விளக்கு தெரிந்தது.

தண்ணீர் விஷயத்தில் துணியைவிடத் தையலைத்தான் பார்க்க வேண்டும். துணிக்கு உட்பக்கம் பூச்சு இருக்கலாம். ஆனால் ஊசி குத்திய ஒவ்வொரு இடமும் ஒரு துளை, ஜிப் முழுக்கவே ஒரு வழி. நின்றிருக்கும் வண்டியில் தாங்கும் பை, வேகமாகப் போகும்போது மழை எதிரே அடித்தால் தாங்காது. கூடவே கொடுக்கும் ரெயின் கவரையும் பெரிதாக நம்ப முடியாது. காற்று உள்ளே புகுந்தால் அது உப்பிப் பறந்துவிடும், பறந்தது சக்கரத்தில் விழவும் வாய்ப்பு உண்டு. உண்மையாகவே நனையாத பை வேண்டுமானால் தார்ப்பாய் மாதிரியான கெட்டிப் பிவிசி துணியில், இணைப்புகளைத் தைக்காமல் சூட்டில் ஒட்டி, வாயை மூன்று நான்கு சுற்று சுருட்டி பக்கிள் போடும் வகையைப் பாருங்கள். அந்த வகையில் ஜிப்பே கிடையாது. பார்க்க எடுப்பாக இருக்காது. விலையும் பயப்படும் அளவுக்கு இருக்காது.

ஒளிரும் பட்டையைச் சோதிக்க இருட்டில் செல்போன் டார்ச்சை நெற்றிக்குப் பக்கத்தில் வைத்து அடித்தால் போதும். பளிச்சென்று திரும்ப அடிக்காவிட்டால் அது வெறும் சாம்பல் நிறத் துணி.

விற்றவரிடம் முறையிட்டதைச் சொல்கிறேன். உருகிய பை, பிய்ந்த பட்டை, டேப்பை வைத்து எடுத்த படம் எல்லாம் அனுப்பினேன். முதல் பதில்: பயன்படுத்திய பொருளைத் திரும்ப எடுக்க முடியாது. பைக்கில் மாட்டாமல் பைக் பையை எப்படிச் சோதிப்பது? இரண்டாவது பதில்: பட்டையைச் சரியாக இறுக்கவில்லை. எப்படி மாட்ட வேண்டும், மிச்ச வாலை எங்கே சொருக வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டுகூடப் பெட்டியில் இல்லை, வாலைச் சொருகிவைக்க ஒரு எலாஸ்டிக் வளையம்கூடப் பையில் இல்லை. விற்பனைத் தளத்தில் முறையிட்டால் திருப்பி அனுப்பும் கெடு முடிந்துவிட்டது என்றார்கள். நான் படங்களோடு விமர்சனம் போட்ட பிறகு விற்றவரே போன் செய்தார். விமர்சனத்தை எடுத்துவிட்டால் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார். மறுத்துவிட்டேன். சில நாளில் அந்தப் பட்டியலையே (தளத்தில் அந்தப் பையை விற்கும் பக்கத்தையே) நீக்கிவிட்டு, என் விமர்சனமும் அதோடு போய்விட, அதே பையைப் புதிதாகப் பட்டியலிட்டார்கள்.

அதனால் பெட்டி வந்ததும் பிரிப்பதை வீடியோ எடுங்கள். கெடு முடிவதற்குள், ரோட்டில் ஓட்டுவதற்கு முன்பே, மேலே சொன்ன சோதனையை நின்ற இடத்திலேயே செய்துவிடுங்கள். விற்பவரிடம் வாங்கும் முன்பே உங்கள் வண்டியின் பெயரைச் சொல்லி, அதில் மாட்டிய படத்தை எழுத்து வழியாகக் கேளுங்கள். "எல்லாத்துக்கும் செட் ஆகும் சார்" என்று மட்டும் பதில் வந்தால் விட்டுவிடுங்கள்.

கையில் காசு குறைவு, பை கட்டாயம் வேண்டும் என்றால் என் அபிப்பிராயம் இதுதான். தனியாகப் போகிறவராக இருந்தால் சைடு பேக்கே வேண்டாம். சுருட்டி மூடும் பை ஒன்றை பின்சீட்டில் குறுக்கே வைத்து, கிராப் ரெயிலோடு (பின்னால் உட்காருகிறவர் பிடித்துக்கொள்ளும் கம்பி) சேர்த்து நான்கு இடத்தில் பக்கிள் பட்டை போட்டுக் கட்டுங்கள். பக்கத்தில் எதுவும் தொங்காததால் சைலன்சர் பயமும் சக்கரப் பயமும் வெகுவாகக் குறையும். கட்டுவதற்குக் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிற்றை மட்டும் நம்பாதீர்கள். அது இழுபடும், கொக்கி தெறித்தால் கண்ணுக்கு ஆபத்து.

இரண்டு பேர் போவதென்றால் சைடு பேக் தவிர வேறு வழி இல்லை. அப்போது பைக்குச் செலவழிக்கும் பணத்தில் ஒரு பங்கைத் தாங்கு கம்பிக்கு ஒதுக்குங்கள். கிராப் ரெயிலின் போல்ட்டிலும் பின் ஃபுட்ரெஸ்ட் பக்கத்துப் போல்ட்டிலும் பிடிக்கிற மாதிரி வளைத்த ஒரு இரும்புக் கம்பி போதும், வெல்டிங் தெரிந்த யாரும் செய்துவிடுவார்கள். அந்தக் கம்பி இருந்தால் சாதாரணப் பைகூட ஒழுங்காக நிற்கும். கம்பி இல்லாவிட்டால் உயர்ந்த விலைப் பையும் உள்ளேதான் சாயும். வெல்க்ரோ மட்டுமே உள்ள பையைத் தவிருங்கள், தூசியும் ஈரமும் பட்டால் அதன் பிடி போய்விடும். பட்டை பையோடு சேரும் இடத்தில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியுமாகத் தையல் ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். ஒற்றை வரித் தையல் என்றால் எப்போது வேண்டுமானாலும் பிய்யும்.

வண்டியோடு வந்த கையேட்டில் அதிகபட்சச் சுமை எவ்வளவு என்று போட்டிருக்கும். பல சின்ன வண்டிகளில் அது 130 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும், ஓட்டுகிறவரும் பின்னால் உட்காருகிறவரும் அதற்குள்ளேயே அடக்கம். ஆளுக்கு 65 கிலோ என்றால் பைக்கு மிச்சம் எதுவும் இல்லை. 50 லிட்டர், 60 லிட்டர் என்று விளம்பரம் ஆசை காட்டும்போது இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

அந்தப் பையை அடையாளம் காண ஒரு வழி உண்டு. பட்டியலின் பெயரும் விற்பவரின் பெயரும் மாறியிருக்கும், படம் மாறவில்லை: அகலச் சீட் போட்ட பெரிய கறுப்பு வண்டி, வெள்ளிநிற அடி கொண்ட பை, இடதுபக்கத்திலிருந்து மட்டுமே எடுத்த கோணம். சைலன்சர் இருக்கும் வலதுபக்கத்துப் படம் ஒன்றுகூட அதில் இல்லை.