ட்ராப்டோரை நுரையால் ஒட்டிவிட்டுப் போனார்: லெனேஷியா மக்கள் கவனத்துக்கு

குளிர்காலம் நெருங்கினால் தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க்கின் லெனேஷியா பக்கம் வீடு வீடாக வந்து, "சீலிங்குக்கு இன்சுலேஷன் போடுகிறோம், ட்ராப்டோரையும் காற்று புகாமல் அடைத்துத் தருகிறோம்" என்று கேட்கிறார்கள். இன்சுலேஷன் என்றால் வீட்டுச் சூடு வெளியே போகாமல் தடுக்கும் விரிப்பு. ட்ராப்டோர் என்றால் கூரைக்குள் ஏறுவதற்காகச் சீலிங்கில் விட்டிருக்கும் திறப்பின் மூடி. அப்படி வந்த ஒருவர் என் அம்மா வீட்டில் செய்துவிட்டுப் போன வேலையைப் பற்றித்தான் இந்தப் பதிவு. அம்மா தனியாக இருக்கிறார். உங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு வீடு இருந்தால் முழுவதும் படியுங்கள்.

வந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். "வணக்கம்மா, உங்களைக் கோயிலில் பார்த்திருக்கிறேன்" என்று ஆரம்பித்து, வீட்டுக்குள் நடைவழியின் சீலிங்கில் இருக்கும் ட்ராப்டோரைக் காட்டி, ஹீட்டர் சூடெல்லாம் இந்த வழியாகத்தான் போகிறது என்றார். அதில் உண்மை இருக்கிறது. ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கு மேலே இருக்கும் ஊர். ஆடிக் கூழ் ஊற்றும் நாட்களில் விடியற்காலையில் புல்மேல் உறைபனி கிடக்கும். சூடான காற்று மேலே ஏறி, கிடைத்த இடுக்கு வழியாகக் கூரைக்குள் போய்விடும். மேலே எதுவும் போடாத மெல்லிய ட்ராப்டோர் பலகை, நன்றாக இன்சுலேஷன் போட்ட சீலிங்கைவிட, அதே அளவு பரப்பில் பத்து மடங்குக்கும் மேல் சூட்டை வெளியே விடும். இப்படி நிஜமான தேவையைக் காட்டிக் காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றியதுதான் எனக்கு ஆறவில்லை.

பில்லில் ட்ராப்டோருக்கென்று தனித் தொகை போட்டிருந்தார். செய்தது என்ன தெரியுமா? டின்னில் வரும் பாலியூரித்தேன் நுரையைப் பலகைக்கும் சட்டத்துக்கும் நடுவில் சுற்றிலும் பீய்ச்சியிருக்கிறார். காய்ந்ததும் கத்தியால் சீவி, மேலே வெள்ளை பெயின்ட். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் அந்த நுரை காய்ந்தால் மரத்தையும் ஜிப்சம் பலகையையும் விடாமல் பிடித்துக்கொள்ளும். ட்ராப்டோரை அதற்குப்பிறகு திறக்கவே முடியாது.

நம் வீடுகளில் பெரும்பாலும் கீசர் கூரைக்குள்தானே இருக்கிறது! கீசருக்கு அடியில் இருக்கும் தட்டிலிருந்து வெளியே வரும் குழாயில் ஒரு நாள் தண்ணீர் விடாமல் கொட்ட ஆரம்பித்தது. ப்ளம்பர் வந்து ஏணி போட்டு ஏறித் தள்ளினார், அசையவில்லை. கீசரின் வால்வும் மேலேதான் இருக்கிறது, அதனால் மீட்டரில் வீட்டுத் தண்ணீரையே மொத்தமாக நிறுத்தவேண்டியதாயிற்று. அப்புறம் சீலிங்கை அறுத்துத்தான் உள்ளே போனார். அதற்குள் தட்டு நிரம்பி வழிந்து, பக்கத்து அறை சீலிங் ஊறித் தொங்கிவிட்டது.

மேலே போனபிறகுதான் மீதியும் தெரிந்தது. ட்ராப்டோர் பலகையின் மேல்புறம் வெறுமையாக இருந்தது. பில்லில் இன்சுலேஷனுக்கு 135 மில்லிமீட்டர் தடிமனான கண்ணாடிக் கம்பளி என்று எழுதியிருந்தார். டார்ச் அடித்து எட்டிப் பார்த்தால் தெரியும் தூரம்வரை தடிமனாகப் போட்டு, ஓரங்களை அப்படியே விட்டிருந்தார். இடையில் சீலிங்கில் பதித்த ஹாலஜன் விளக்குகளின் (டவுன்லைட்) மேலேயும் கம்பளியை மூடியிருந்தார். அந்த விளக்குகள் கொதிக்கும் சூடு. மேலே மூடினால் தீப்பிடிக்கக்கூடும். பணம் போனதைவிட இதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் பதறுகிறது. அந்த விளக்குகளுக்குக் கீழேதான் அம்மா தூங்கிக்கொண்டிருந்தார்.

சரியான வேலை எப்படி இருக்கும் என்று அந்த ப்ளம்பரும், பிறகு வந்த சீலிங்காரரும் காட்டினார்கள். பலகை உட்காரும் விளிம்பில் சுற்றிலும் ரப்பர் அல்லது ஃபோம் பட்டை ஒட்டவேண்டும். பலகையின் எடையே அதை அழுத்திக்கொள்ளும். எடை போதாவிட்டால் இரண்டு கொக்கி. பலகைக்கு மேலே கெட்டியான இன்சுலேஷன் பலகை ஒன்றை ஒட்டவேண்டும். மேலே தூளாக ஊதப்படும் செல்லுலோஸ் இன்சுலேஷன் இருந்தால், திறக்கும்போது தலையில் கொட்டாமலிருக்க ட்ராப்டோர் திறப்பைச் சுற்றி மரச்சட்டம் எழுப்பவேண்டும். நுரை, சட்டத்துக்கும் சீலிங்குக்கும் நடுவில் இருக்கும் இடுக்குக்கு மட்டும்தான், ஏனென்றால் அந்த இடம் அசையாது. வேலை முடிந்தபிறகு, குளிரான மாலையில் ஹீட்டரைப் போட்டு, ஊதுபத்தியை விளிம்போரமாகப் பிடித்துப் பாருங்கள். புகை மேலே இழுக்கப்பட்டால் இன்னும் கசிகிறது.

காசு கொடுப்பதற்கு முன் ட்ராப்டோரை உங்கள் கண் முன்னே திறந்து மூடச் சொல்லுங்கள். கூரையின் நான்கு மூலைகளையும் போட்டோ எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வாசலுக்கு வந்து விற்றவரிடம் ஒப்பந்தம் செய்திருந்தால், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 16ஆம் பிரிவுப்படி ஐந்து வேலை நாட்களுக்குள் எழுத்தில் ரத்து செய்யலாம். வேலை தரமாக இல்லையென்றால் சரிசெய்யக் கேட்க 54ஆம் பிரிவு இருக்கிறது. 20,000 ராண்ட் வரை ஸ்மால் கிளெய்ம்ஸ் கோர்ட்டில் (சிறு தொகை வழக்குகளுக்கான நீதிமன்றம்) வக்கீல் இல்லாமலே வழக்குப் போடலாம். அதற்கு முன் 14 நாள் அவகாசம் கொடுத்து எழுத்தில் கேட்கவேண்டும்.

எங்களுக்குத் தடங்கல் அங்கேதான். பில்லில் செல்போன் எண் மட்டும் இருந்தது, முகவரி இல்லை. இப்போது அந்த எண்ணும் வேலை செய்யவில்லை. லெனேஷியாவிலோ லாடியத்திலோ ஆக்டன்வில்லிலோ யாருக்காவது ட்ராப்டோரில் இதேபோல நுரை அடித்திருந்தால், பில்லின் படத்தை எனக்குத் தனியாக அனுப்புங்கள். ஒரு முகவரி கிடைத்தால் போதும், கடிதம் தயாராக இருக்கிறது.