சிங்கப்பூர்–நியூயார்க்: ஒரே மூச்சில் 15,349 கிலோமீட்டர்

சாங்கி விமான நிலையத்துக்கும் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்துக்கும் இடைப்பட்ட தொலைவு 15,349 கிலோமீட்டர். உருண்டையான பூமியின்மேல் இரு ஊர்களையும் இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின் நீளம் இது; அந்தக் கோடோ ஏறத்தாழ வட துருவத்தின் மேலாகவே செல்கிறது. ஆனால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் இடைநில்லாச் சேவையில் நான் சென்ற நாளில், விமானம் துருவத்தின் பக்கம் போகாமல் ஜப்பானை ஒட்டிச் சென்று வட பசிபிக்கைக் கடந்தது. மேற்கிலிருந்து கிழக்காக வீசும் மேலடுக்கு வேகக்காற்று பின்னிருந்து தள்ளுமானால், தொலைவு கூடினாலும் நேரமும் எரிபொருளும் மிச்சமாகும். திரும்பும்போதும் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே பறந்ததால், போய்வந்த கணக்கில் உலகையே ஒரு சுற்றுச் சுற்றியாயிற்று.

பயண நேரம் 18 மணி 40 நிமிடத்தை ஒட்டியது. கோடைக்காலத்தில் இரு ஊர்களுக்கும் 12 மணி நேர வேறுபாடு இருப்பதால், நண்பகலில் புறப்படுபவர் அதே தேதியில் மாலை ஏழு மணிக்குள் தரையிறங்குகிறார். திங்கள் இரவு நியூயார்க்கில் ஏறுபவரோ புதன் விடியலில் சாங்கியில் இறங்குகிறார், செவ்வாய்க்கிழமை என்று ஒன்று அவருக்கு வாய்ப்பதே இல்லை.

இதற்கெனவே அமைந்த ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர் (மிக நெடுந்தொலைவு வகை) விமானம் 1,65,000 லிட்டர் எரிபொருள் கொள்ளும். எடையைக் குறைப்பதற்காக 161 இருக்கைகளே வைத்திருக்கிறார்கள்: வணிக வகுப்பில் 67, பிரீமியம் எகனாமியில் 94. சாதாரண எகனாமி வகுப்பு கிடையாது என்பதால், சிக்கனமாகப் பயணம் செய்ய விரும்புவோருக்கு இந்தச் சேவை தொடக்கத்திலேயே கதவடைத்துவிடுகிறது.

பிரீமியம் எகனாமியில் வரிசைகளுக்கிடையே 38 அங்குல இடைவெளி உண்டு. முதல் பத்து மணி நேரத்துக்கு அது தாராளம். அதன்பின், முழுவதும் படுக்கையாகாத எந்த இருக்கையும் முதுகுக்குப் போதாது என்பதே என் அனுபவம். பின்பகுதியில் சன்னலோரமாக அமைந்த ஒற்றை இருக்கை கிடைத்தால், அடுத்தவரை எழுப்பாமல் எழுந்து நடக்கலாம். அதற்குக் கூடுதல் கட்டணம் கேட்டாலும் கொடுக்கலாம். உள்காற்றழுத்தம் 6,000 அடி உயரத்துக்கு நிகராக வைக்கப்படுவதால், பழைய விமானங்களில் வரும் தலைபாரம் பெரிதாகத் தெரியவில்லை. உணவில் குறை சொல்ல ஏதுமில்லை.

பிராங்க்பர்ட்டில் நின்று செல்லும் இதே நிறுவனத்தின் இன்னொரு சேவை 22 மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்கிறது. வேலையாகச் செல்பவருக்கு இடைநில்லா விமானமே பொருத்தம். மூட்டுவலி உள்ள பெற்றோரையோ சிறு குழந்தைகளையோ அழைத்துச் செல்வதானால், இறங்கிக் காலாற நடக்க வாய்ப்புள்ள பிராங்க்பர்ட் வழியையே நான் தேர்ந்தெடுப்பேன்.