பட்டா மாற்ற நான்கு வாசல்: எதில் நிற்கலாம்?

எங்களுக்கு இருப்பது மூன்று மா நிலம். நூறு குழி ஒரு மா. மூன்று மா சேர்ந்தால் ஏறத்தாழ ஒரு ஏக்கர். அப்பா போன பிறகு அந்த ஒரு ஏக்கரின் பட்டாவை எங்கள் மூவர் பெயருக்கு மாற்ற எட்டு மாதம் பிடித்தது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் சிட்டா எல்லாம் கையில் இருந்தும்தான். அந்த எட்டு மாதத்தில் ஊர் சொன்ன நான்கு வழிகளையும் தட்டிப் பார்த்துவிட்டேன்: வீட்டிலிருந்தே இணையத்தில் போடுவது, இ-சேவை மையம், ஜமாபந்தி அல்லது முகாமில் மனு, கடைசியாக 'ஆளைப் பிடிப்பது', அதாவது தரகர்.

முதலில் ஒரு விஷயம். நான்கில் எதில் போட்டாலும் மனு போய்ச் சேரும் இடம் ஒன்றுதான். விஏஓ (கிராம நிர்வாக அலுவலர்) பார்த்து எழுத வேண்டும், ஆர்ஐ (வருவாய் ஆய்வாளர்) பார்க்க வேண்டும், வட்டாட்சியர் அலுவலகத்தில் உத்தரவு போட வேண்டும். பாகம் பிரித்துத் தனிப்பட்டா கேட்டால் நடுவில் சர்வேயர் வந்து அளக்க வேண்டும். எல்லார் பெயரும் ஒன்றாக இருக்கும் கூட்டுப் பட்டா போதும் என்றால் அவர் வேண்டாம். ஆகவே 'எது சீக்கிரம்' என்ற கேள்வியே கொஞ்சம் தப்பு. எந்த வழியில் போட்டால், மனு நின்றுபோகும்போது நம் கையில் என்ன இருக்கும் என்று பார்த்துத்தான் நான் மதிப்பெண் போடுகிறேன்.

இணையம். 1980இல் பரம்பரைக் கர்ணம், மணியம் பதவிகளை அரசு ஒழிக்கும்வரை ஊர்க் கணக்கு ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தது. இன்று சிட்டாவையும், சர்வே எண் வாரியாக நில விவரம் சொல்லும் ஆ-பதிவேட்டையும் நள்ளிரவில் கைப்பேசியில் பார்க்கலாம், காசு கிடையாது. பார்ப்பதற்கு இதற்கு ஈடில்லை. மாற்றுவதற்கு அப்படிச் சொல்ல முடியவில்லை. நான் போட்ட மனு இரண்டு மாதம் 'பரிசீலனையில்' என்றே காட்டியது. ஒருநாள் தள்ளுபடி. காரணம் ஒரே வரி: 'ஆவணங்கள் போதுமானதாக இல்லை.' எந்த ஆவணம்? கேட்பதற்கு அந்தப் பக்கம் யாருமில்லை. வரிசை ஜன்னலிலிருந்து உள்ளே போய்விட்டது, அவ்வளவுதான். வெளியே நிற்கும் நமக்கு அது கண்ணில் படாது.

இ-சேவை. 60 ரூபாய். எங்கள் பக்கம் கூட்டுறவு சங்கத்திலேயே மையம் இருக்கிறது, உரம் வாங்கப் போன கையோடு மனுவையும் ஏற்றிவிட்டு வரலாம். எழுதப் படிக்கச் சிரமப்படுபவர்களுக்கு இதுதான் சரி. ஒரே ஒரு எச்சரிக்கை. கேன் எண் (இ-சேவையில் நமக்கென்று தரும் எண்) பதிவு செய்யும்போது அவசரத்தில் மையத்தில் இருப்பவர் தன் செல் எண்ணையே போட்டுவிடுவார். அப்புறம் குறுஞ்செய்தி எல்லாம் அவருக்குத்தான் போகும், உங்கள் மனு தள்ளுபடியானது உங்களுக்கே தெரியாது. பக்கத்து வீட்டுச் சித்தி ஆறு மாதம் இப்படித்தான் காத்திருந்தார். "எதுவும் சேதி வரலையே தம்பி" என்றார். வந்திருக்கிறது, வேறு செல்லுக்கு.

ஜமாபந்தியைப் பழைய சடங்கு என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு உடன்பாடில்லை. ஜூன் 30-ல் பசலி என்னும் வருவாய்க் கணக்காண்டு முடியும் முன் வட்டந்தோறும் நடக்கும் கணக்குத் தணிக்கை அது. ஊர்ப் பதிவேடுகள் எல்லாம் மேசையில் இருக்கும். விஏஓ, சர்வேயர், வட்டாட்சியர் ஒரே பந்தலில் இருப்பார்கள். 'ஃபைல் அவரிடம் இருக்கிறது' என்று அங்கே யாரும் சொல்ல முடியாது. 1980களில் முடிந்த யுடிஆர் (நிலப் பதிவேடு புதுப்பிப்பு) பதிவின்போது விழுந்த பெயர்ப் பிழை, பரப்புப் பிழை போன்ற முடிச்சுகளை எடுத்துவைக்க அதுதான் இடம். குறை, வருடத்தில் சில நாள்தான். அதைவிட முகாம் அடிக்கடி வரும். 2025 ஜூலை 15-ல் சிதம்பரத்தில் தொடங்கிய 'உங்களுடன் ஸ்டாலின்' முகாம்களில் 45 நாள் கெடு சொன்னார்கள். கூட்டத்தில் மனுவை நீட்டிவிட்டு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பியவர்களை நானே பார்த்தேன். அந்தச் சீட்டு இல்லாவிட்டால் முகாமுக்குப் போனதும் போகாததும் ஒன்று.

ஆள். எங்களிடம் கேட்டது 6,000 ரூபாய். "ஒரு வாரத்துல முடிச்சுக் குடுத்துடறேன் அண்ணே, அங்க கொஞ்சம் கவனிக்கணும்." கொடுக்கவில்லை. யோக்கியத்தனம் மட்டும் காரணமில்லை: வேலை நடக்காவிட்டால் என் கையில் ஒரு துண்டுச் சீட்டுகூட இருக்காது.

இனி, யாரும் எனக்குச் சொல்லாத ஐந்தாவது வழி: தகவல் உரிமைச் சட்டம். குடிமக்கள் சாசனத்தில் உட்பிரிவு (நிலத்தை அளந்து பிரிப்பது) இல்லாத பட்டா மாறுதலுக்கு 15 நாள், உட்பிரிவோடு என்றால் 30 நாள் என்று இருக்கிறது. தவறினால் யாருக்கும் தண்டம் கிடையாது. காவிரி பிறக்கும் கர்நாடகத்தில் 2011-லேயே சட்டம் போட்டு, தாமதத்துக்கு நாளுக்கு 20 ரூபாய், அதிகபட்சம் 500 வரை மனுதாரருக்கு இழப்பீடு என்று வைத்தார்கள். சின்னத் தொகைதான், ஆனால் நாள்கணக்குக்கு ஒரு விலை வந்துவிடுகிறது. நம் கையில் அப்படி விலை போட்ட கெடு 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் இருக்கிறது: 30 நாளில் பதில். தவறினால் பொறுப்பான அதிகாரிக்கு நாளுக்கு 250 ரூபாய், 25,000 வரை தண்டம்.

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி எழுதினேன். 'ஏன் தரவில்லை' என்று கேட்கவில்லை. என் மனுமீது விஏஓவும் ஆர்ஐயும் எழுதிய அறிக்கையின் நகல் வேண்டும் என்று மட்டும் கேட்டேன். 27-ஆம் நாள் நகல் வந்தது. காரணம் அதில் இருந்தது: சிட்டாவில் தாத்தா பெயர் கோவிந்தன், அப்பாவின் இறப்புச் சான்றில் கோவிந்தசாமி. இருவரும் ஒருவரே என்று ஒரு சான்று வைத்து, இ-சேவையில் மறுபடி ஏற்றினேன். மூன்றாவது வாரம் கூட்டுப் பட்டா வந்துவிட்டது.

கோயில், மடத்து நிலத்தில் குத்தகைச் சாகுபடி செய்பவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் உதவாது. டெல்டாவில் அவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. சிட்டா சாமி பெயரில் இருக்கும். நெல் கொள்முதலுக்கும் பயிர்க் கடனுக்கும் யார் என்ன பயிர் செய்கிறார் என்று விஏஓ தரும் அடங்கல்தான் கதி. அவர்கள் முதலில் பார்க்க வேண்டியது 1969 சட்டப்படி குத்தகைப் பதிவேட்டில் பெயர் ஏறியிருக்கிறதா என்பதை.

காலமும் ஒரு கணக்கு. பயிர்க் காப்பீட்டுக்கு அடங்கல் கேட்டு ஊரே விஏஓ வாசலில் நிற்கும் ஐப்பசியில் பட்டா மனு போடாதீர்கள். உட்பிரிவு வேண்டுமென்றால் இன்னும் யோசிக்க வேண்டும்: நடவு வயலில் எல்லைக்கல் தேடிச் சங்கிலி இழுக்க எந்தச் சர்வேயரும் இறங்க மாட்டார்.

அக்கா தன் மாமனார் நிலத்தைப் பாகம் பிரிக்கப் போகிறாள். தையில் அறுவடை முடிந்ததும் இ-சேவையில், தன் செல் எண்ணைக் கொடுத்துப் போடச் சொல்லியிருக்கிறேன். வில்லை பத்து ரூபாய்க்கு ஒன்று இப்போதே வாங்கிப் பீரோவில் வைத்துவிட்டாள்.