எரித்துக் கண்டுபிடிக்கும் வாய்பாடு: சதவீத வழியா, மோல் வழியா?

கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அடங்கிய சேர்மத்தை எரித்து, வெளிவரும் கார்பன் டை ஆக்சைடையும் நீரையும் எடைபோட்டால் எளிய விகித வாய்பாடு (அணுக்களின் எண்ணிக்கையை மிகச் சிறிய முழு எண் விகிதத்தில் காட்டும் வாய்பாடு) கிடைத்துவிடும். 1831இல் ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் செம்மைப்படுத்திய முறை இது. எடை கைக்கு வந்த பிறகு எந்த வழியில் கணக்குப் போடுவது என்பதில்தான் பிளஸ் 1 வகுப்பு இரண்டு கட்சியாகப் பிரிகிறது.

வைட்டமின் சி-யை எடுத்துக்கொள்வோம். 1.000 கிராம் எரிந்தால் 1.499 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 0.409 கிராம் நீரும் வரும்.

மோல் என்பது அணு, மூலக்கூறுகளை எண்ணும் அலகு; ஒரு மோல் கார்பன் டை ஆக்சைடின் நிறை 44.01 கிராம். மோல் வழியில் 1.499-ஐ 44.01 ஆல் வகுத்தால் கார்பன் 0.0341 மோல். நீர் 0.0227 மோல், ஹைட்ரஜன் அதைப்போல் இரு மடங்கு, 0.0454 மோல். இவற்றைக் கிராமாக மாற்றி (0.409, 0.046) ஒரு கிராமிலிருந்து கழித்தால் மீதி 0.545 கிராம் ஆக்சிஜன், அதாவது 0.0341 மோல். விகிதம் 1 : 1.33 : 1. மூன்றால் பெருக்கினால் C₃H₄O₃. கார்பன் டை ஆக்சைடில் உள்ள ஆக்சிஜனை அப்படியே சேர்மத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது; அதில் பெரும்பங்கு எரிக்க அனுப்பிய வாயுவிலிருந்து வந்தது.

சதவீத வழியும் தவறில்லை: நிறையில் கார்பன் 40.9, ஹைட்ரஜன் 4.58, ஆக்சிஜன் 54.5 சதவீதம். ஆபத்து, அழகுக்காக 41, 5, 54 என்று முழுமையாக்கும் கையில் இருக்கிறது. அப்படிச் செய்தால் விகிதம் 1 : 1.47 : 1 ஆகி, C₂H₃O₂ என்று வேறொரு வாய்பாடு வந்து நிற்கும். கார்பனுக்கு இந்த மாற்றம் உறைக்காது. ஹைட்ரஜனின் அணு நிறை 1 என்பதால் அதன் சதவீதமே சிறியது; 4.58 ஐந்தாவது அதற்கு ஒன்பது விழுக்காட்டுப் பிழை.

எரிய உதவிய ஆக்சிஜனைச் சமன் செய்து பார்ப்பது மூன்றாவது வழி. அந்த ஆக்சிஜனையும் எடைகளைக் கழித்தே (1.499 + 0.409 − 1.000 = 0.908 கிராம்) பெற்றால், மோல் வழியையே சுற்றி வந்திருக்கிறோம், அவ்வளவுதான். ஆக்சிஜனின் கனஅளவைத் தனியாக அளந்து கொடுத்திருந்தால் மட்டுமே இதற்கு மதிப்பு.

மீதியை ஆக்சிஜன் என்று கொள்ளும் எந்த வழியிலும் ஒரு பலவீனம் உண்டு: சேர்மத்தில் நைட்ரஜன் ஒளிந்திருந்தால் அதுவும் ஆக்சிஜன் கணக்கிலேயே விழும்.

என் ஓட்டு மோல் வழிக்கே. இடையில் ஒரு படி குறைகிறது, முழுமையாக்கும் சபலமும் வருவதில்லை. ஆனால் விடையைச் சரிபார்க்கும்போது சதவீதத்தை விட முடியாது. அளந்த மதிப்பும் கணக்கிட்ட மதிப்பும் 0.4 சதவீதப் புள்ளிக்குள் ஒத்துப்போக வேண்டும் என்பது ஆய்விதழ்களின் பழைய வழக்கம். C₂H₃O₂-க்குக் கார்பன் 40.7 வருகிறது, அது தப்பிவிடும். ஹைட்ரஜன் 5.12, அளந்ததோ 4.58. அங்கே பிடிபட்டுவிடும்.