நடுவரின் கைக்கடிகாரமா, நின்று ஓடும் கடிகாரமா?

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் மோசஸ் மபிடா கால்பந்து ஸ்டேடியமும் கிங்ஸ் பார்க் ரக்பி ஸ்டேடியமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. இரண்டையும் விடாமல் பார்க்கிறவர்கள் புறநகர்களான சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் நம்மவர்களிலேயே ஏராளம். ரக்பியில் ஒருவர் பலமாக அடிபட்டு விழுந்தால் நடுவர் சைகை காட்டுவார், கடிகாரம் நிற்கும். 80 நிமிடம் ஆனதும் சங்கு ஊதும். எவ்வளவு நேரம் பாக்கி என்பது கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் குழந்தைக்கும் தெரியும். கால்பந்தில் 90 ஆகும்போது நான்காவது நடுவர், வீணான நேரத்துக்கு ஈடாகக் கூட்டும் நிமிடங்களைக் காட்டும் ஒரு பலகையைத் தூக்கிக் காட்டுகிறார். அதிலுள்ள எண் எப்படி வந்தது என்று யாரும் கணக்குக் கேட்க முடியாது. அதுவும் குறைந்தபட்ச அளவுதான். அதற்கு மேல் எவ்வளவு என்பது நடுவரின் கைக்கடிகாரத்துக்கும் அவர் மனத்துக்கும் மட்டுமே வெளிச்சம்.

கால்பந்துக்கும், ஆட்டம் நின்றால் தானும் நிற்கும், நின்று ஓடும் கடிகாரம் வேண்டும் என்ற கோரிக்கை பல ஆண்டுகளாக எழுந்து வருகிறது. நான் அந்தக் கோரிக்கையின் பக்கம். ஆனால் அது நேரத் திருட்டை, அதாவது முன்னணியில் இருக்கும் குழு வேண்டுமென்றே நேரத்தை வீணாக்குவதை, ஒழித்துவிடும் என்று நம்பி அல்ல. ஒழிக்காது. நேரத்தை எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில் வைக்கும் என்பதற்காகத்தான்.

முதலில் எவ்வளவு நேரம் போகிறது என்று பார்ப்போம். இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 2022-23 பருவத்தில் பந்து உண்மையில் ஆட்டத்தில் இருந்தது சராசரியாக 55 நிமிடத்தை ஒட்டித்தான். மற்ற நேரமெல்லாம் களவு போயிற்று என்று சொல்வது நியாயமில்லை. த்ரோ-இன் எடுக்க ஓடி வர வேண்டும், கார்னர் கிக்குக்கு ஆட்கள் வந்து நிற்க வேண்டும், கோல் அடித்தால் கொண்டாடத்தான் செய்வார்கள். திருட்டு இந்த நியாயமான இடைவெளிகளுக்குள் ஒளிந்துகொள்கிறது. அதனால்தான் பிடிபடுவதில்லை.

சாட்ஸ்வொர்த்தில் ஒரு சனிக்கிழமை நான் பார்த்தது இது. ஒரு கோல் முன்னணியில் இருக்கும் குழு, பதினாறு வயதுப் பையன் கோல்கீப்பர். கோல் கிக். பந்தை இடப்பக்க மூலையில் வைத்தான். இரண்டு அடி பின்னால் போனான். திரும்பி வந்து, அங்கே புல் சரியில்லை என்பதுபோல் காலால் தேய்த்துப் பார்த்தான். பந்தை எடுத்துக்கொண்டு வலப்பக்க மூலைக்கு நடந்தான். வைத்தான். குனிந்து வலது ஷூவின் கயிற்றை அவிழ்த்துக் கட்டினான். நிமிர்ந்து தடுப்பாட்டக்காரர்களை முன்னே போகச் சொல்லிக் கை காட்டினான். பிறகுதான் உதைத்தான். இவற்றில் எந்த ஒன்றும் தனியாகக் குற்றமில்லை. பெரிய ஆட்டக்காரர்களைத் தொலைக்காட்சியில் பார்த்துக் கற்றது. வேலிக்கு வெளியே நின்ற அவனுடைய பயிற்சியாளர் கைதட்டினார். எனக்கு வயிறு எரிந்தது.

இந்தத் தந்திரத்துக்கு வயது நூற்றுக்கு மேல். 1891இல் ஸ்டோக் குழுவும் ஆஸ்டன் வில்லாவும் ஆடியபோது, பின்தங்கியிருந்த ஸ்டோக்குக்குக் கடைசி நேரத்தில் பெனால்டி கிடைத்தது. வில்லாவின் கோல்கீப்பர் பந்தை மைதானத்துக்கு வெளியே உதைத்துவிட்டார். பந்து திரும்பி வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. வீணான நேரத்தை ஈடுகட்டும் விதி அந்தச் சம்பவத்துக்குப் பிறகுதான் வந்தது. இன்று நாம் இன்ஜுரி டைம் என்று சொல்வது அந்த வழி வந்ததே.

இப்போதுள்ள முறையில் நல்லது எதுவுமே இல்லையா? இருக்கிறது. ஒரு விசிலும் ஒரு கைக்கடிகாரமும் போதும். உலகக் கோப்பைக்கும் தெருமுனைத் திடலுக்கும் ஒரே விதி. ஆட்டம் எப்போது முடியும் என்பதும் ஏறக்குறைய தெரியும். கெட்டது என்னவென்றால், எல்லாம் ஒரு மனிதரின் தலையில் விழுகிறது. 2022 ஜனவரியில் கேமரூனில் நடந்த ஆப்பிரிக்கக் கோப்பையில் துனீசியாவும் மாலியும் மோதிய ஆட்டத்தை யார் மறப்பார்கள்? சாம்பியா நடுவர் ஜானி சிகாஸ்வே 85ஆவது நிமிடத்திலேயே முடிவு விசில் ஊதினார். தவறை உணர்ந்து தொடரவிட்டு, 90 நிமிடம் முடியச் சில நொடிகள் இருக்கும்போதே மீண்டும் ஊதிவிட்டார். கடும் வெயில் தன்னைத் தாக்கியதாகப் பின்னர் அவர் சொன்னார். அவரைக் கேலி செய்தவர்கள் உண்டு. நான் செய்யமாட்டேன். அந்த வெயிலில் ஓடிக்கொண்டே ஆஃப்சைடும் ஃபவுலும் பார்த்து, மணியும் பார் என்று ஒருவரிடம் சொல்வதுதான் தவறு. பக்கத்தில் உட்கார்ந்து நேரத்தை மட்டும் பார்க்க ஒருவர் இருந்திருந்தால் அந்த நாள் அப்படி முடிந்திருக்காது.

இதே முறையை நேர்மையாக நடத்தினால் போதாதா என்பது அடுத்த வாதம். 2022 கத்தார் உலகக் கோப்பையில் அதைச் செய்து பார்த்தார்கள். கோல் கொண்டாட்டம், ஆள் மாற்றம், சிகிச்சை, வீடியோ பரிசோதனை எல்லாவற்றையும் எண்ணிச் சேர்த்தார்கள். இங்கிலாந்து, ஈரான் ஆட்டத்தில் ஈரான் கோல்கீப்பரின் தலைக் காயத்தையும் சேர்த்து இரண்டு பாதியிலும் கூட்டிய நேரம் சுமார் 27 நிமிடம். கணக்கு நேர்மையானதுதான். ஆனால் 2023 ஆகஸ்டில் இங்கிலாந்து லீக்கும் இதே வழியில் போனபோது மான்செஸ்டர் யுனைடெட்டின் ரஃபேல் வரான், ஆட்டக்காரர்களின் உடம்பு தாங்காது என்று வெளிப்படையாகவே எதிர்த்தார். திருடியது ஒரு குழு, கூடுதலாக ஓடுவதோ இரு குழுவும். போதாததற்கு, கூட்டிக் கொடுத்த நேரத்திலும் அதே கோல்கீப்பர் அதே ஷூ கயிற்றைக் கட்டுகிறார்.

சரி, முழுவதுமாக நின்று ஓடும் கடிகாரத்துக்கு வருவோம். கால்பந்து விதிகளை வகுக்கும் அமைப்பே 2017இல் இதை விவாதத்துக்கு வைத்தது. பாதிக்கு 30 நிமிடம், மொத்தம் 60. பந்து வெளியே போனால் கடிகாரம் நிற்கும். காகிதத்தில் பார்த்தால் மிக அழகு. இன்று 55 நிமிடம் கிடைக்கும் இடத்தில் 60 கிடைக்கும், அதுவும் எல்லா ஆட்டத்திலும் ஒரே அளவாக.

எனக்கு இங்கேதான் தயக்கம். கடிகாரம் நின்றுவிட்டால் யாருக்கும் அவசரம் இருக்காது. இன்று பின்தங்கிய குழுவாவது பந்தைத் தேடி ஓடுகிறது. நாளை இரு குழுவும் மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்து, பயிற்சியாளரிடம் பாடம் கேட்டு நிதானமாக வரும். குழுவுக்கு ஐந்து பேர் ஆடும் சின்னக் கால்பந்தான ஃபுட்சாலில் பாதிக்கு 20 நிமிடமாக 40 நிமிடம் நின்று ஓடும் கடிகாரம். ஆனால் ஆட்டம் முடிய ஒன்றேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடுகிறது. அந்த விகிதம் பெரிய மைதானத்துக்கும் வந்தால் 60 நிமிட ஆட்டம் இடைவேளை இல்லாமலே இரண்டு மணி நேரத்தை நெருங்கும். நம் ஊரில் வார நாள் லீக் ஆட்டங்கள் பல இரவு 7.30க்குத்தான் தொடங்குகின்றன. ஸ்டேடியத்திலிருந்து உம்லாசிக்கும் ஃபீனிக்ஸுக்கும் மினிபஸ் டாக்ஸி பிடித்துப் போகிறவருக்கு அரை மணி நேரத் தாமதம் என்பது வீடு போய்ச் சேர்வதா இல்லையா என்ற பிரச்சினை.

ரக்பியையும் முன்மாதிரி என்று கண்ணை மூடிக்கொண்டு காட்ட முடியாது. அங்கே கடிகாரம் நிற்கும், ஆனாலும் 80 நிமிடத்தில் பந்து ஆட்டத்தில் இருப்பது 35 நிமிடத்தை ஒட்டித்தான். நடுவர் சைகை காட்டினால்தான் கடிகாரம் நிற்கும். இரு குழுவும் தோள் கோத்துத் தள்ளும் ஸ்க்ரம் கூடுவதற்குள் கரையும் நேரம் கரைந்ததுதான். ஆகவே 2023 தொடக்கத்தில் இன்னொரு கடிகாரத்தையும் கொண்டுவந்தார்கள். பெனால்டி உதைக்க 60 நொடி, ட்ரைக்கு (எதிராளியின் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்துப் புள்ளி எடுப்பது) பிந்தைய உதைக்கு அப்போது 90 நொடி. கிரிக்கெட்டிலும் ஓவருக்கும் ஓவருக்கும் இடையே 60 நொடிக் கடிகாரம் வந்துவிட்டது. பெரிய கடிகாரம் நேரத்தைக் காப்பாற்றும், வேகத்தைக் காப்பாற்றுவது சின்னக் கடிகாரம்தான். முன்னணியில் இருக்கும் குழு திருடுவது நேரத்தை மட்டுமல்ல. எதிராளி மூச்சுப் பிடித்து ஏறி வரும்போது ஒருவர் தசைப்பிடிப்பு என்று படுத்தால், இரண்டு நிமிடத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். அந்த வேகத்தை யார் திருப்பிக் கொடுப்பது?

அமெரிக்காவின் மேஜர் லீக் சாக்கர் 1996 முதல் 1999 வரை இறங்குமுகமாக ஓடும் கடிகாரத்தை வைத்திருந்தது. பூஜ்யம் வந்தால் ஆட்டம் முடிவு. 2000 முதல் கைவிட்டு உலக வழக்கத்துக்குத் திரும்பிவிட்டது. பந்து காற்றில் இருக்கும்போதே மணி அடிப்பது கால்பந்துக்கு ஒட்டாது என்பது உண்மைதான். ஆனால் நம் முறையிலும் அது நடந்திருக்கிறது. 1978 உலகக் கோப்பையில் பிரேசில் சுவீடனுக்கு எதிராகக் கார்னர் எடுத்தது, பந்து காற்றில் வந்தபோதே நடுவர் கிளைவ் தாமஸ் விசில் ஊதினார், ஜிகோ தலையால் போட்ட கோல் செல்லவில்லை. ரக்பி இதற்கு எளிய வழி கண்டிருக்கிறது. சங்கு ஊதினாலும், நடக்கிற ஆட்டம் நின்று பந்து செயலிழக்கும்வரை முடிவில்லை. கால்பந்து அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கடிகாரத்தைத் தொடாமல், குறிப்பிட்ட தந்திரத்தைக் குறிவைத்துத் தண்டிக்கும் வழியும் உண்டு. 1992இல், சொந்தக் குழுவினர் வேண்டுமென்றே காலால் கோல்கீப்பருக்குத் திருப்பித் தட்டிவிட்ட பந்தை அவர் கையால் எடுக்கக்கூடாது என்றார்கள். கால்பந்தின் வேகத்துக்கு அதைவிடப் பெரிய நன்மையை எந்த விதியும் செய்ததில்லை என்பது என் கருத்து. 2019இல், வெளியேறும் ஆட்டக்காரர் அருகிலுள்ள எல்லைக்கோடு வழியாகவே போக வேண்டும் என்றார்கள். 2025இல் கோல்கீப்பர் பந்தை 8 நொடிக்கு மேல் பிடித்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் என்றார்கள். கடைசி 5 நொடியை நடுவர் விரல் விட்டுக் காட்டுவார். முன்பு 6 நொடி விதி இருந்தது. ஆனால் அதற்குத் தண்டனை கோல் அருகே மறைமுக ஃப்ரீ கிக் என்பதால் நடுவர்களே கொடுக்கத் தயங்கினார்கள். தண்டனையைக் குறைத்ததும் விதி உயிர்பெற்றது. அந்த ஆண்டு கிளப் உலகக் கோப்பையில் நம் மமெலோடி சன்டவுன்ஸ் 1-0 என்று தென்கொரியாவின் உல்சானை வென்ற ஆட்டத்தில், ரான்வென் வில்லியம்ஸே இந்த விதியில் மாட்டினார். நம் நாட்டுக் கோல்கீப்பர் என்பதால் எனக்கும் வருத்தம்தான். ஆனாலும் விதி சரி.

இந்த வழியின் குறை, ஒரு ஓட்டையை அடைத்தால் இன்னொன்று திறப்பதுதான். கோல்கீப்பரின் கையைக் கட்டினால் த்ரோ-இன் எடுப்பவர் பந்தைக் கீழே போட்டுவிட்டு, நீ எடு என்று இன்னொருவரைக் கூப்பிடுகிறார்.

சாட்ஸ்வொர்த் பக்கம் ஞாயிறு ஆட்டங்களுக்கு நடுவராக நிற்கும் பெரியவர் ஒருவரை நாங்கள் மாமா என்றே அழைப்போம். நின்று ஓடும் கடிகாரம் பற்றிக் கேட்டேன். “என்னிடம் லைன்ஸ்மேனே இல்லை தம்பி. கடிகாரத்தை நிறுத்து, ஓட்டு என்று விரலை அதன்மேலேயே வைத்திருந்தால் ஃபவுலை யார் பார்ப்பது? அடுத்த குழு ஷூ போட்டுக்கொண்டு காத்திருக்கிறது” என்றார். அவர் சொல்வது நூற்றுக்கு நூறு சரி. 1996-97இல் தென்னாப்பிரிக்க பிரீமியர் லீக்கின் முதல் கோப்பையை வென்ற மேனிங் ரேஞ்சர்ஸின் ஊர் இது. இங்கேயே பல திடல்களில் ஸ்கோர்போர்டு கிடையாது. ஊர்த் திடலுக்கு ஓடும் கடிகாரமே போதும். எல்லோருக்கும் ஒரே விதி என்ற கொள்கை, வீடியோ நடுவர் வந்த நாளிலேயே உடைந்துவிட்டது. ஆகவே தொழில்முறை ஆட்டத்துக்கு மட்டும் வேறு கடிகாரம் வைப்பதில் எனக்குக் கூச்சமில்லை.

நான் கேட்பது இதுதான். 80 நிமிடம் வரை கடிகாரம் இன்றுபோல் ஓடட்டும்; பெரிய காயம், வீடியோ பரிசோதனை என்றால் மட்டும் ரக்பிபோல் சைகையில் நிற்கட்டும். 80 ஆனதும் திரையில் 10 என்று வைத்து, பந்து ஆட்டத்தில் இருக்கும்போது மட்டும் ஓடவிட வேண்டும். அதை இயக்குவது தனி ஆள், நடுவர் அல்ல. இன்ஜுரி டைம் பலகையே வேண்டாம். சாதாரணப் பத்து நிமிடத்தில் பந்து ஆடுவது ஆறு நிமிடம் என்பதால், முழுப் பத்து கொடுப்பதிலேயே அதற்கு முன் சில்லறையாகப் போன நேரமும் ஈடாகிவிடும். 8 நொடி விதியும் அதன் உறவுகளும் ஆட்டம் முழுவதும் இருக்கட்டும். திருட்டு கொழுப்பது கடைசிப் பத்து நிமிடத்தில். அங்கே படுத்துக்கொண்டால் லாபமில்லை என்றால் படுப்பவர் எழுந்துவிடுவார்.

உலக அமைப்பின் அனுமதியோடு நம் பிரீமியர் லீக்கின் டிஸ்கி சேலஞ்ச் ரிசர்வ் ஆட்டங்களில் ஒரு பருவம் இதைச் சோதித்துப் பார்க்கலாம். இளைஞர்கள் ஆடும் போட்டி, பழக்கம் அங்கேதான் படிகிறது. கடைசிக் கட்டத்தில் எத்தனை பேர் தரையில் விழுந்தார்கள், த்ரோ-இன்னுக்கு எத்தனை நொடி ஆயிற்று, முதல் விசிலிலிருந்து கடைசி விசில் வரை எவ்வளவு நேரம் என்று குறித்து வைக்க வேண்டும். இடைவேளையும் சேர்த்து இரண்டு மணி நேரத்தை வழக்கமாகத் தாண்டினால் பத்தை எட்டாகக் குறைக்கலாம். அப்படியும் அடங்கவில்லை என்றால் நானே இந்தக் கோரிக்கையை விட்டுவிடுவேன்.