முருங்கைக்கீரைப் பொடி: எதை வாங்கலாம், எதை விடலாம்

வாசலில் முருங்கை மரம் நிற்கிற வீட்டுக்கு இந்தப் பொடி தேவையே இல்லை. நல்ல கீரை கிடைக்காத, கிடைத்தாலும் ஆய நேரமில்லாத வீட்டுக்கும், விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைகளுக்கும் இது உண்மையிலேயே உதவும். ஆனால் பொடியாக மட்டும் வாங்குங்கள். அதே பெயரில் விற்கும் கேப்ஸ்யூலும் சூப் மிக்ஸும் கொடுக்கிற காசுக்குத் தகாது.

கேப்ஸ்யூல் ஒன்றில் பெரும்பாலும் 500 மில்லிகிராம் பொடிதான் இருக்கும். தினம் இரண்டு விழுங்கினால் ஒரு கிராம், அதாவது நான்கு கிராம் பச்சை இலை. ஒரு ஈர்க்கை உருவினாலே அதற்கு மேல் வரும். சூப் மிக்ஸ் என்றால் பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படியுங்கள். எடையில் எது அதிகமோ அதைத்தான் முதலில் அச்சிட வேண்டும் என்பது விதி. சோளமாவும் உப்பும் சர்க்கரையும் முன்னால் வந்து முருங்கை கடைசியில் நின்றால், அதை அப்படியே அலமாரியில் வைத்துவிடலாம்.

இனி பொடி. நல்ல பொடி வெயிலில் காய்ந்ததாக இருக்கக் கூடாது. வெயில் பட்டால் இலையின் பச்சையும் கரோட்டினும் (உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் சத்து) சேர்ந்தே போய்விடும். பொடி பழுப்பேறி வைக்கோல் வாசம் அடிக்கும். கழுவி நீர் வடித்த இலையை நிழலில், காற்றோட்டமான இடத்தில், வெள்ளைத் துணியில் ஒரே அடுக்காகப் பரப்பி, அடிக்கடி புரட்டி விட்டால் மூன்று நான்கு நாளில் விரலில் நொறுங்கும் பதம் வரும். அந்தப் பதத்துக்கு முன்பே அரைத்தால் பொடி கட்டி தட்டும், பூஞ்சை பிடிக்கும். ஈர்க்கோடு சேர்த்து அரைத்தது நாக்கில் நாராக உறுத்தும். மழைக்காலத்தில் மரத்தில் கம்பளிப்பூச்சி ஏறும் என்பதால், கழுவாமல் உலர்த்திய இலையை நினைக்கவே வேண்டாம்.

வீட்டிலேயே இரண்டு சோதனை செய்யலாம். ஒரு டீஸ்பூன் பொடியைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கிப் பத்து நிமிடம் விடுங்கள். மேலே இருப்பதை மெதுவாக இறுத்துவிட்டு அடியில் தங்கியதை விரலால் தேய்த்தால், மண் இருக்கும் பொடி நறநறவென்று காட்டிக்கொடுக்கும். இன்னொரு சிட்டிகையை நனைத்த வெள்ளை டிஷ்யூ தாளில் தூவுங்கள். இலைப் பச்சையம் தண்ணீரில் கரையாது. பொடியைச் சுற்றிப் பளிச்சென்று பச்சை ஊறிப் பரவினால் சாயம் கலந்திருக்கிறதென்று சந்தேகப்படலாம்.

விலையும் ஒரு சாட்சி. பச்சை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு கிலோ பொடிக்கு உருவிய இலை மட்டுமே நான்கு கிலோ வேண்டும். அந்தக் கணக்குக்கே கட்டாத மலிவு விலையில் கிடைத்தால் ஈர்க்கும் தண்டும் சேர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். பாக்கெட் ஒளி புகாத உறையாக இருக்க வேண்டும். கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் பையில் கடை வெளிச்சத்தில் தொங்குவது வெளுத்துக்கொண்டே வரும். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் (FSSAI) 14 இலக்க உரிம எண், தயாரித்த தேதி இரண்டும் இல்லாததைத் தொட வேண்டாம்.

அடுத்து, பயன்படுத்தும் முறை. ‘கொதிக்க வைத்தால் வைட்டமின் சி போய்விடும், அப்படியே மோரில் கலக்கிக் குடியுங்கள்’ என்று பல பாக்கெட்டுகளில் போட்டிருக்கிறார்கள். இந்த அறிவுரை சரியில்லை. வைட்டமின் சி-யில் பெரும்பகுதி உலர்த்தும்போதே போய்விட்டது. காப்பாற்ற மிச்சம் அதிகமில்லை. ஆனால் உலர்ந்த இலையில் கிருமி உயிரோடு இருக்கலாம். 2025இல் அமெரிக்காவில் முருங்கை இலைப் பொடியால் சால்மோனெல்லா தொற்று பரவியது. அதனால் பச்சையாகக் கலக்காமல் கொதிக்க விடுவதே நல்லது.

ஒரு டீஸ்பூன் பொடியை (சுமார் 3 கிராம்) முதலில் இரண்டு ஸ்பூன் பச்சைத் தண்ணீரில் குழைத்துக்கொள்ளுங்கள். நேரே வெந்நீரில் கொட்டினால் உருண்டை உருண்டையாகத் திரளும். குழைத்ததை 200 மில்லி கொதிக்கும் நீரில் விட்டு, தட்டிய மிளகு, சீரகம், இரண்டு பல் பூண்டு, உப்பு போட்டு இரண்டு நிமிடம் கொதித்ததும் இறக்குங்கள். இறக்கிய பிறகு அரை மூடி எலுமிச்சை பிழியுங்கள். போன வைட்டமின் சி இப்படித் திரும்ப வருகிறது. கீரையின் இரும்புச்சத்து உடம்பில் சேரவும் அதுதான் துணை. டீ, காபியை ஒரு மணி நேரம் தள்ளிப் போடுங்கள், அவை இரும்பைத் தடுக்கும்.

சூப்பைவிட மேலானது பாசிப்பருப்பு. வேகும் பருப்பில் ஆளுக்கு ஒரு டீஸ்பூன் பொடி, கடைசியில் நெய் விட்ட தாளிப்பு. கரோட்டின் உடம்பில் சேரக் கொழுப்பு வேண்டும். அடை மாவிலும் சேர்க்கலாம், நான்கு பேருக்கு மூன்று டீஸ்பூனுக்கு மேல் போனால் கசக்கும். பழக்கமில்லாதவர்கள் அரை டீஸ்பூனில் தொடங்குங்கள், இல்லாவிட்டால் வயிறு இளகும்.

பாக்கெட்டில் எழுதியிருக்கும் ‘எதிர்ப்பு சக்தி’, ‘உடனடி ஆற்றல்’ பற்றி ஒரு கணக்கு. தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணைப்படி 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் இரும்பு சுமார் 4.6 மில்லிகிராம். ஒரு டீஸ்பூன் பொடி 12 கிராம் பச்சை இலைக்குச் சமம் என்பதால், அதில் அரை மில்லிகிராம் அளவுதான் வரும். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைக்கப்படுவது 29 மில்லிகிராம். தொடர்ந்து அசதி, மூச்சு வாங்குதல் என்றால் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். பெண்களுக்கு 12-க்குக் கீழே இருந்தால் மருத்துவரிடம் போகத்தான் வேண்டும், பொடி அதற்கு மாற்றாகாது. ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்க வேண்டாம். இதிலுள்ள வைட்டமின் கே அந்த மாத்திரையின் வேலையைக் கெடுக்கும்.

பிரித்ததும் ஈரமில்லாத கண்ணாடி பாட்டிலுக்கு மாற்றி, இருட்டான அலமாரியில் வைத்து, உலர்ந்த ஸ்பூனால் மட்டும் எடுங்கள். 100 கிராம் பாக்கெட் ஒருவருக்கு ஒரு மாதம் வரும். அதைவிடப் பெரிதாக வாங்க வேண்டாம்.